பதினேழின் சப்பாத்து

எங்கள் சலவை அறையில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது. நம்பர்தான். மேற்சட்டை, காற்சட்டை, துவாய் எல்லாவற்றிலும் நம்பர் பதித்திருக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு வலைப்பை உண்டு, அதிலும் நம்பர். பயிற்சி முடிந்ததும் ஊத்தை உடுப்பை அந்தப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டிக் கூடைக்குள் எறிவார்கள். நான் பையோடு எடுத்து மெசினுக்குள் போடுவேன். பல வருடங்களாக இதுதான் என் வேலை. ஆகவே நான் சொல்லப்போகிறவனையும் பதினேழு என்றே சொல்கிறேன். அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதினால், ஜப்பானில் எந்த மூலையில் இருந்தாலும் அவன் தலையை நிமிர்த்தி, “யார் சொன்னது?” என்று கேட்பான்.

அந்தக் கேள்வி எப்போதும் அவன் வாயில் இருந்தது. நாளைக்கு மழையாம் என்றால், யார் சொன்னது. பயிற்சியைப் பத்து மணிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றால், யார் சொன்னது. உன் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னேன். அதற்கும் அதே கேள்விதான். கோபமாகக் கேட்கமாட்டான். வைத்தியர் எங்கே நோகிறது என்று விசாரிப்பதுபோல, முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்பான். சொன்னவர் யார் என்று தெரிந்த பிறகுதான் சொன்ன விஷயம் அவனுக்குள் போகும்.

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் சுவிஸில் ஆராவிலிருந்து றெயினில் கொஞ்ச நேரம் போனால் வரும் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. இரண்டாம் பிரிவில் ஆடுகிற கழகம். அவன் ஒரு கோடைகாலத்தில் வந்தான், நாலைந்து வருடங்களுக்கு முன். வயது இருபத்தெட்டு. இடது பக்க ஓரத்தில் ஓடுகிறவன். பெரிய பெட்டி ஒன்று, சப்பாத்துப் பை ஒன்று. வரவேற்க வந்தவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். சப்பாத்துப் பையை அவன் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

முதல் வாரத்திலேயே அவனுடைய பழக்கங்களைக் கவனித்துவிட்டேன். நான் அதிகம் கதைக்காதவன். கதைக்காதவனுக்குப் பார்க்க நிறைய நேரம் இருக்கும். உடை மாற்றும் அறையில் அவன் எப்போதும் முதுகை மூலைச் சுவரில் சாய்த்து, கதவைப் பார்த்தபடிதான் இருப்பான். தண்ணீர்ப் போத்தலின் மூடி தன் கையில் முறிந்து திறந்தால்தான் குடிப்பான். பயிற்சி நேரம் எழுதிய பலகையைக் காலையில் ஒரு படம் எடுப்பான். மத்தியானம் இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் ஒத்துப்பார்ப்பான். சப்பாத்துப் பையை மூடும் சிப்பின் மேல் ஒரு சிறிய வெள்ளைப் பிளாஸ்டர் துண்டை ஒட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவான். திரும்பி வந்ததும் முதலில் அந்தத் துண்டைத்தான் பார்ப்பான்.

உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருமுறை அவன் படம் வந்தது. ஆட்டம் முடிந்த பிறகு அவன் தன் மூலையைத் தும்புத்தடியால் கூட்டுகிற படம். ஜப்பானியர்களின் சுத்தத்தைப் பற்றி நாலு வரி புகழ்ந்து எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு நான் சிரித்தேன். அந்த அறையைக் கூட்டுகிறவன் நான். அவன் தன் மூலையை மட்டும்தான் கூட்டுவான். கூட்டிய குப்பையைத் தொட்டியில் போடாமல் ஒரு பொலித்தீன் பைக்குள் கட்டித் தன்னோடு கொண்டுபோவான். சுத்தக்காரன் குப்பையைத் தொட்டியில் போடுவான், வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டான். இதைப் பத்திரிகைக்காரர் கவனிக்கவில்லை.

சப்பாத்து விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றி என் கதவுக்கு வெளியே உள்ள இரும்புத் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். சேற்றைத் தட்டி, தூரிகையால் தேய்த்து, உள்ளே கடதாசி அடைத்து, உலர்த்தும் அறையில் வைப்பது என் வேலை. பதினேழு வைப்பதில்லை. தானே குழாயடியில் குந்தியிருந்து கழுவுவான். புதிதாக வந்தவனுக்கு ஒழுங்கு தெரியாதாக்கும் என்று நினைத்து, ஒருநாள் போய்க் கையை நீட்டினேன்.

“தா, நான் செய்கிறேன்” என்றேன். இருவருக்கும் பொதுவாக இருந்தது நொண்டி ஜேர்மன்தான். அவன் சப்பாத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்துப் பிடித்தான். பிறகு குனிந்து வணங்கினான்.

“நன்றி. வேண்டாம்.”

அவன் வணங்காமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

இதை விளங்கப்படுத்த, கொஞ்சம் வெட்கமான ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குத் துணி வெளுக்க வருகிறவரைக் கட்டாடி என்போம். அவர் பின்பக்கத்தால்தான் வருவார். எங்கள் கிணற்றில் அவர் தண்ணீர் அள்ளக்கூடாது. அவர் கொண்டுவந்த மூட்டையின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள். நானும் தெளித்திருக்கிறேன். அந்த நான் இந்த நாட்டுக்கு வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, பிறகு இங்கே வந்து இருபத்துநாலு பேரின் காலுறையைக் கழுவுகிறேன். சொந்தக்காரரிடம் என் மனைவி, “அவர் விளையாட்டு மைதானத்திலை வேலை” என்று மட்டும்தான் சொல்லுவா.

அவன் ஜப்பான்காரன், எங்கள் ஊர் வழக்கம் அவனுக்கு எப்படித் தெரியும்? இது எனக்கு விளங்காமலில்லை. ஆனால் அவன் சப்பாத்தை இழுத்த நேரத்தில் என் உடம்பு வேறு மாதிரி விளங்கிக்கொண்டது. நான் தொடக்கூடாது என்கிறான். எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

அந்தக் கிழமையே ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் மனைவியின் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். இந்தக் கதையை மனைவி அவனிடம் சொல்லியிருக்கிறா.

“என்ன அத்தான், ஜப்பான்காரன் சப்பாத்துத் தாறானில்லையாம்?”

“அவன் தானே கழுவுறான்.”

“அப்ப உங்கடை கழுவலிலை அவனுக்கு நம்பிக்கை இல்லைப் போலை. பாத்துக்கொள்ளுங்கோ, மற்றவங்களும் தொடங்கினால் உங்களுக்கு வேலை போயிடும்.”

மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உடனே பதில் வராது. இரண்டு நாள் கழித்துத்தான் வரும்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, செப்டெம்பர் மாதம், செஃப் சலவை அறைக்கு வந்தார். செஃப் என்றால் ஆட்டக்காரரை எடுப்பதையும் விடுவதையும் பார்க்கிற பொறுப்பாளர். நல்ல கோட்டுப் போட்டு, எந்த நேரமும் கையில் ஒரு ஆப்பிளோடு திரிகிறவர். யாரோ விருந்தாளிக்கு ஒரு ஜக்கெட் எடுக்க வந்தார். போகும்போது வழக்கம்போல, “எல்லாம் ஒழுங்குதானே?” என்று கேட்டார். வழக்கமாக நான், ஓம், எல்லாம் ஒழுங்கு என்று சொல்வேன். அன்றைக்கு வாய் தானாகத் திறந்தது.

“பதினேழு சப்பாத்தைக் கழுவத் தருவதில்லை.”

அவர் ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினார். “தருவதில்லையா? ஏன்?”

“தெரியாது. பையையும் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறான். யாரையும் தொட விடமாட்டான்.”

“அப்படியா” என்றார். போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் கோள் சொல்லிவிட்டு வாங்கில் வந்து இருக்கும்போது ஒரு சந்தோஷம் வருமே, அது எனக்கு அன்று முழுக்க இருந்தது.

குளிர் தொடங்கிய பிறகுதான் நாங்கள் இருவரும் நெருங்கினோம். அதற்குக் காரணம் கருவாடு. கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் நாளில் நான் மேலே சாப்பாட்டு அறைக்குப் போவதில்லை. மணத்துக்குப் பயந்து சலவை அறையிலேயே கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடுவேன். உலர்த்தும் மெசின் ஓடுவதால் அங்கே சூடாகவும் இருக்கும். ஒருநாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பதினேழு நின்றான். மூக்கை உயர்த்தி இரண்டு தரம் மணந்தான்.

“மீன். காய்ந்தது” என்றான்.

“ஓம்.”

“யார் சமைத்தது?”

“என் மனைவி.”

அவன் யோசித்தான். அந்தப் பதில் போதுமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே வந்து, மெசினுக்கும் சுவருக்கும் நடுவில், கதவைப் பார்த்தபடி ஸ்டூலைப் போட்டு இருந்தான். மூடியில் கொஞ்சம் சோறும் குழம்பும் வைத்துக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். நான் முதல் வாய் வைத்து விழுங்கிய பிறகுதான் அவன் சாப்பிடத் தொடங்கினான். உறைப்பில் கண்ணீர் வடிந்தது. ஆனாலும் மூடியை வழித்து முடித்தான்.

அதற்குப் பிறகு கிழமையில் இரண்டு நாளாவது வருவான். தன் பங்குக்குச் சோறு கட்டிக்கொண்டு வருவான். ஆனால் எத்தனை மாதம் போனாலும் முதல் வாய் நான்தான் வைக்க வேண்டும்.

சாப்பிடும்போது தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வான். பனி விழுகிற வடக்கு ஊரில் பிறந்தவன். பள்ளிக்கூட அணி. பிறகு அங்கேயே ஒரு சிறிய கழகம். காலையில் பயிற்சி, பின்னேரம் பொதுக்குளியல் கடையொன்றில் தரை தேய்க்கும் வேலை. பிறகு பெல்ஜியம். பிறகு இங்கே. ஒழுங்காகத்தான் கேட்கும். ஆனால் நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தால் இடையில் எட்டு மாதம் இடிக்கும். பெல்ஜியத்தை விட்டதற்கும் இங்கே வந்ததற்கும் நடுவில் எட்டு மாதம். என்னிடம் அந்த எட்டு மாதம் பாஷை படித்தேன் என்றான். பிசியோவிடம் தாயாருக்குச் சுகமில்லை, ஊருக்குப் போயிருந்தேன் என்றிருக்கிறான். பிசியோ என்பவர் ஆட்டக்காரரின் தசைப்பிடிப்பு, சுளுக்கு எல்லாம் பார்க்கிற பெண், லுசேர்ண் பக்கத்தவர். தினமும் காலையில் எனக்கும் சேர்த்து ஒரு கோப்பைக் கோப்பி கொண்டுவந்து தருகிற ஒரே ஆள். அவர்தான் தாயார் கதையைச் சொன்னார். எனக்குச் சொன்ன பாஷைக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்குள் வைத்துக்கொண்டேன். படித்தவனின் ஜேர்மன் இப்படியா இருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

ஆனால் களத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. பந்து வருவதற்கு முன்பே அது எங்கே வரும் என்று தெரிந்தவன்போல நிற்பான். எதிரணிக்காரன் எந்தப் பக்கம் ஏமாற்றப் பார்த்தாலும் விழமாட்டான். யாரையும் நம்பாதவனை எப்படி ஏமாற்றுவது? பயிற்சியாளர் அவனை முதலிலேயே இறக்குவார், அல்லது கடைசி அரைமணித்தியாலத்துக்காவது இறக்குவார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈரப்பனி கொட்டிக்கொண்டிருக்கத்தான் ஆட்டம் நடந்தது. முடிந்த பிறகு பதினேழு சொட்டச் சொட்டச் சப்பாத்தோடு என் கதவில் நின்றான். செவ்வாய்க்கிழமை திரும்பவும் ஆட்டம். வீட்டில் காயாது. காய வைக்கும் அறை என்னிடம்தான் இருந்தது.

“உலர்த்த வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன்” என்றான்.

“நில்” என்றேன்.

சூட்டுக் குழாயின் முன் சப்பாத்தை வைக்கப்போனவன் நின்றான். என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு இடது சப்பாத்துக்குள் கையை விட்டு, கறுப்பாக ஒன்றை வெளியே இழுத்தான். அட்டை மாதிரி மெல்லிய, இரும்பு மாதிரி வளையாத ஒரு தகடு. அதில் அவனுடைய பாதத்தின் தடம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“சிவாசான்” என்றான். மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து, என்னை அப்படித்தான் கூப்பிடுவான். “இதை யாரும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன்.”

இடது பாதத்தின் வெளி எலும்பு ஜப்பானில் இருக்கும்போதே ஒருமுறை வெடித்ததாம். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. பயிற்சியாளர் தோளில் கைபோட்டு, நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம், உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறார். சொன்னான். அடுத்தநாள் காலை போனபோது அவனுடைய அலுமாரிக் கதவில் இருந்த பெயரைக் கழற்றியிருந்தார்கள். பெல்ஜியத்தில் அதே எலும்பு திரும்பவும் வெடித்தது. அந்த எட்டு மாதம் காலுக்குள் ஒரு ஆணி வைத்துப் படுத்திருந்த காலம். இங்கே வரும்போது ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது ஆணி இருக்கிற இடம் நோகிறது. தகடு இருந்தால் பாதம் மடியாது, ஓடலாம். குப்பை என்று கட்டிக்கொண்டு போனது நோ மாத்திரை உறைகள்.

“இருபத்தைந்து ஆட்டம்” என்றான். “இருபத்தைந்து ஆட்டத்தில் இறங்கினால், ஒரு நிமிடம் என்றாலும் போதும், ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும். விசாவும் நீளும். இன்றைக்கு இருபது. செஃப் அந்த வரியை மறந்திருக்கமாட்டார். என்னை நிறுத்த அவருக்கு ஒரு காரணம் வேண்டும். இங்கே இல்லையென்றால் எனக்கு இனி ஒரு இடமும் இல்லை.”

விசா என்ற சொல்லை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவன் விரலை மடக்கி எண்ணினான். “இப்போது மூன்று பேருக்குத் தெரியும். எனக்கு. காலுக்குக் கட்டுப்போடுகிற பிசியோவுக்கு. உங்களுக்கு.”

நான் தொட்டால் தீட்டு என்று அவன் நினைக்கவே இல்லை. எனக்கு அப்போதுதான் செப்டெம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. ஆப்பிளும் ஞாபகம் வந்தது. குழாயின் சூட்டில் சப்பாத்திலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ வெண்டிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“நீங்கள் சொன்னது அப்பவெல்லோ. அப்ப உங்களுக்கு ஒண்டும் தெரியாதுதானே.”

“ஓம்.”

“அப்ப அந்தப் பெடியனிட்டைச் சொல்லிப்போடுங்கோ. இப்பிடி முந்தி ஒரு கதை சொல்லிப்போட்டன், நீ கவனமா இரு எண்டு.”

“ஓம், சொல்லுறன்.”

“ஓம் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. அவனுக்குச் சொல்லுங்கோ.”

சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவன் ஸ்டூலில் இருந்ததும், சாப்பிட்டு முடியட்டும் என்று நினைப்பேன். சாப்பிட்டு முடிந்ததும் அவன் போய்விடுவான். இருபத்தொன்று போனது. இருபத்திரண்டு போனது. ஏப்ரலில் இருபத்துமூன்று. இன்னும் இரண்டுதான், விட்டால் போகிறது என்று நினைக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் செஃப் என்னை மேலே கூப்பிட்டார். அவருடைய அறைக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. கதவைச் சாத்தினார். எனக்குக் கோப்பி வந்தது.

“இருங்கள், சிவா” என்றார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். “செப்டெம்பரில் நீங்கள் எனக்கு ஒன்று சொன்னீர்கள். அவன் சப்பாத்துத் தருவதில்லை என்று. நான் யோசித்துப் பார்த்தேன். இப்போது கொஞ்சநாளாக அவன் ஓடும்போது இடது காலை ஊன்றித் தள்ளுவதில்லை. அந்தச் சப்பாத்துக்குள் ஏதோ இருக்கிறது. இல்லையா?”

நான் கோப்பிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

“எனக்கு அவனுடைய உடல்நலம்தான் முக்கியம்” என்றார். பிறகு வேறு ஏதோ ஞாபகம் வந்தவர்போல, “அடுத்த வருடத்திலிருந்து சலவையை வெளியே கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. நான் அதற்கு எதிர்” என்றார். ஆப்பிளை எடுத்துக் கோட்டில் துடைத்தார். “நீங்கள் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். தலையை ஆட்டினால் போதும்.”

எனக்குப் பத்தொன்பது வயதில் ஊரில் ராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் நிறுத்தினார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்வோம். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்து போக வேண்டும். சாக்கு ஆடினால் அந்த ஆளைத் தனியாக இழுத்துவிடுவார்கள். எனக்கு முன்னால் போனவனுக்கு ஆடியது. எனக்கு ஆடவில்லை. சாக்குக்குள் இருந்தவனும் எங்கள் ஊர்க்காரன்தான் என்று பிறகு கதைத்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியாது. அவனைப் பற்றி என் தாயார் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது.

செஃபுக்கு முன்னால் நான் தலையை ஆட்டவில்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இல்லை என்றும் ஆட்டவில்லை. அதுதான் அப்போது செய்திருக்க வேண்டியது. நான் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆப்பிளை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கினார்.

“நன்றி, சிவா” என்றார்.

இரண்டு நாளில் பதினேழை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காலைப் படம் எடுத்தார்கள். ஆணிக்குப் பக்கத்தில் எலும்பு மயிரளவு வெடித்திருந்தது. மிச்ச ஆட்டங்களுக்கு ஓய்வு என்று அறிவித்தார்கள். இருபத்துமூன்றோடு நின்றது. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் எலும்பு இரண்டாகப் போயிருக்கும் என்று வைத்தியர் சொன்னாராம். இதை நான் மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன். அவ இரண்டு தரமும் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

பதினேழு பிசியோவோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். காலுக்குக் கட்டுப்போட வேறு ஆளிடம் போனான். ஒருநாள் காலை பிசியோ கோப்பியோடு வந்து, மெசினில் சாய்ந்துகொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

“சிவா, நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. தகடு பற்றித் தெரிந்தும் மறைத்தேன் என்று மேலே எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறார்கள். அவன் என் முகத்தையே பார்க்கிறான் இல்லை. உங்களை நம்புகிறான். நீங்கள் அவனிடம் ஒரு சொல் சொல்லமாட்டீர்களா?”

“சொல்கிறேன்” என்றேன்.

அவன் மத்தியானங்களில் வருவதை நிறுத்தவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் இருப்பான். அதிகம் கதைக்கமாட்டான். பயிற்சியாளரைச் சந்தேகப்பட்டான். அணித்தலைவனைச் சந்தேகப்பட்டான். அவன் இருந்த வீட்டின் சொந்தக்காரியையும் சந்தேகப்பட்டான். ஒருமுறை அவள் சப்பாத்துப் பையைக் கால்மிதியிலிருந்து தள்ளி வைத்தாளாம். ஒவ்வொருவராக வைத்துப் பார்த்து, ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தான். என் பெயர் அந்த வரிசையில் ஒருநாளும் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது பார்த்தேன். அவன் சாப்பிடத் தொடங்கியிருந்தான். நான் இன்னும் முதல் வாய் வைக்கவில்லை. பிசைந்த சோற்றை அப்படியே வைத்து மூடினேன்.

இப்போது அவன் ஜப்பானில் மூன்றாம் பிரிவுக் கழகமொன்றில் இருக்கிறான். ஆட்டக்காரனாகவா, பயிற்சி கொடுப்பவனாகவா என்று தெரியவில்லை. போனில் ஒரு படம் பார்த்தேன். குழுப்படத்தில் மூலையில் நிற்கிறான். பெயர்களை அவர்களுடைய எழுத்தில் போட்டிருந்தார்கள். என்னால் வாசிக்க முடியவில்லை. முகத்தை வைத்துத்தான் பிடித்தேன்.

அவன் போகிற நாள் ஜூன் மாதத்தில் வந்தது. வெளியே வெயில். ஆட்டக்காரர் எல்லாரும் விடுமுறையில் போயிருந்தார்கள். நான் கடைசித் தொகுதித் துவாய்களைப் போட்டிருந்தேன். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். ஊன்றுகோல் இல்லை. தோளில் சப்பாத்துப் பை. சிப்பைத் திறந்து, சப்பாத்தை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

“கழுவித் தருவீர்களா?”

வாங்கினேன். ஒரு வருடமாகப் பார்த்த சப்பாத்தை அன்றைக்குத்தான் தொட்டேன். இடது சப்பாத்துக்குள் தகடு இல்லை. தட்டில் வைத்துக் காய்ந்த சேற்றைத் தட்டினேன். அடியில் குமிழ்களுக்கு இடையில் இருந்த புல்லைக் குச்சியால் எடுத்தேன். சப்பாத்தின் நாக்கை உயர்த்தி உள்ளே தேய்த்தேன். அவன் ஸ்டூலை இழுத்து என் முன்னால் போட்டு இருந்தான். அவன் முதுகு கதவுப் பக்கம் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது.

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது. முதலில் இடது சப்பாத்தை முடிப்போம் என்று நினைத்தேன். பிறகு வலதையும் முடிப்போம் என்று நினைத்தேன்.

“சிவாசான்” என்றான். “யார் சொன்னது?”

வைத்தியர்போல, மெதுவாக, என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். மெசின் பிழியும் சுற்றுக்குப் போய் அதிரத் தொடங்கியது. அது நிற்கும்வரை காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். மெசின் நின்றது.

“பிசியோதானே?” என்றான்.

நான் தலையாட்டினேன்.

அவன் எழுந்து சப்பாத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பைக்குள் வைத்தான். பிளாஸ்டர் ஒட்டாமலே சிப்பை இழுத்து மூடினான்.